கண்ணாடிக்காரர் வீட்டு அக்ரிலிக் மேஜை

"கண்ணாடின்னா கண்ணாடிதான்! அதுக்கு ஈடு இணை கிடையாது!" என்று சொல்லி மாமனார் சாப்பாட்டு மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். மேஜைச் சட்டத்தில் பதித்திருந்த கண்ணாடி படீரென்று உடைந்து, பாதி அவர் மடியிலும் பாதி தரையிலும் விழுந்தது.

மாமியார் சோற்றுப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கணவன் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டான். மருமகள் மட்டும் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"மேல சொல்லுங்க மாமா. கண்ணாடிக்கு ஈடு இணை கிடையாது. அப்புறம்?"

மாமனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. மீசை கறுத்திருந்த காலத்திலிருந்து கண்ணாடி அறுத்து விற்கிறவர் அவர். மருமகளோ ஊர்க்கோடியில் இருக்கிற அக்ரிலிக் ஷீட் தொழிற்சாலையில் செக்கிங் வேலை பார்க்கிறவள். இந்தச் சம்பந்தத்தை எந்தப் புண்ணியவான் பேசி முடித்தாரோ தெரியாது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு வம்பும் இல்லை. "எங்க மருமக ஃபேக்டரியில வேலை பார்க்குது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரே பீற்றிக்கொள்வார்.

சமீபத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. கண்ணாடி வியாபாரிகள் சங்கத்தில் எல்லோரும் கைகொட்டிச் சிரிக்கிறார்களாம். கண்ணாடிக்காரர் வீட்டுப் பெண் போயும் போயும் பிளாஸ்டிக்குக்கா உழைப்பது என்று கேட்கிறார்களாம். ஆகவே அவள் வேலையை விட்டுவிட்டு, கீழே கல்லாவில் அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டுமாம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே பல்லவி.

அவருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார மருமகளால் ஆகாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு பெண் வேலைக்குப் போக இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்த வீட்டு ஆண்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

"பிளாஸ்டிக் பிளாஸ்டிக்னு சொல்றீங்களே மாமா, பக்கெட்டும் பிளாஸ்டிக்தான், விமானத்து ஜன்னலும் பிளாஸ்டிக்தான். ரெண்டும் ஒண்ணா?" என்றாள், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு.

"அப்படி என்னத்தைத்தான் கிழிக்கிறீங்க அங்க?" என்றார் மாமனார், மடியிலிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

அவள் பெருக்குவதை நிறுத்தினாள். கேட்ட தொனி எப்படி இருந்தால் என்ன? கேள்வி கேள்விதான்.

"தண்ணி மாதிரி ஒரு திரவம் மாமா. நாத்தம் மூக்கைத் துளைக்கும். அதைக் கொஞ்சம் சூடு பண்ணினா பாகு பதத்துக்கு வரும். ரெண்டு பெரிய கண்ணாடியை எதிரெதிரா வச்சு, ஓரம் முழுக்க ஒரு மெத்துனு குழாயைக் கொடுத்து இறுக்கிக் கட்டி, நடுவுல அந்தப் பாகை ஊத்துவோம். காத்துக் குமிழி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அப்புறம் வெந்நீர்த் தொட்டியில இறக்கிப் பதமா வேக விடுவோம். அவசரப்பட்டா உள்ளேயே கொதிச்சு நுரை கட்டிக்கும். இறுக இறுக அது சுருங்கும். குழாயும் நசுங்கி, கண்ணாடி ரெண்டும் கிட்டக் கிட்ட வரும். கடைசியா இன்னும் நல்ல சூட்டுல வச்சு, ஆற விட்டு, கண்ணாடியைப் பிரிச்சா..."

"பிரிச்சா?" என்றார் மாமியார், பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து.

"டப்புன்னு ஒரு சத்தம் வரும் அத்தை. தண்ணியை அப்படியே நிக்க வச்ச மாதிரி ஷீட் வெளியே வரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கலை."

மாமனார் துள்ளி எழுந்தார். "பார்த்தியா, பார்த்தியா! அப்போ கண்ணாடி இல்லைன்னா உங்க ஷீட்டே இல்லை!"

"இல்லைதான். யார் இல்லைன்னா? அதோட பளபளப்பு கண்ணாடி குடுத்ததுதான். கண்ணாடியில முடியளவு கீறல் இருந்தாலும் ஷீட்டுல அப்படியே பதிஞ்சுடும். அதனாலதான் வர்ற கண்ணாடியை எல்லாம் நான் செக் பண்றேன். கீறல் இருந்தா வாசலோட திருப்பிடுவேன்."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மாமனாருக்குப் புரையேறியது. மாமியார் அவர் உச்சந்தலையில் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

இருமி முடித்ததும் மாமனார் கணக்கைத் தீர்க்கிற குரலில் பேசினார். "நாளைக்கே கடையிலிருந்து புதுக் கண்ணாடி கொண்டாந்து போடறேன். இந்தப் பேச்சை விடு."

"வேண்டாம். இந்த மேஜைக்கு நான் அக்ரிலிக் போடறேன்" என்றாள் மருமகள்.

"போடு! போட்டுத்தான் பாரேன்! அடுத்த ஞாயித்துக்கிழமை இதே இடத்துல உட்கார்ந்து பார்ப்பேன். அதுல ஒரே ஒரு குறை இருந்தாலும் நீ வேலையை விட்டுட்டுக் கடைக்கு வந்துடணும்."

"குறை இல்லைன்னா?"

"நீ வேலைக்குப் போறதைப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்."

கணவன் வாயைத் திறந்தான். "அப்பா, அவ வேலையை வச்சு எதுக்குப் பந்தயம்..."

"நீ சும்மா இரு" என்றார்கள் மாமனாரும் மருமகளும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

மறுநாள் மாலை ஷீட் வந்தது. மேஜை அளவுக்கு அறுத்து, இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியிருந்த முதல்தரச் சரக்கு. மாமனார் படிக்கட்டின் அடியில் தோல் கையுறை போட்ட கடை ஆட்கள் இருவரை நிறுத்தியிருந்தார். "ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்கப்பா, ஜாக்கிரதை" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், மருமகள் ஷீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டாள்.

"கண்ணாடியில பாதி எடைதான் மாமா" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"கனம் இல்லாதது எதுவும் நிலைக்காது!" என்று கீழேயிருந்து பதில் போயிற்று.

மேஜைமேல் வைத்துக் காகிதத்தை உரித்தபோது மாமியார் வாயைப் பிளந்தார். தட்டை வைக்கப் போனவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டார். "மேல ஏதாவது இருக்கா, இல்லையா? ஒண்ணும் தெரியலையேம்மா."

"ஓரத்தைப் பாருங்க அத்தை. கண்ணாடின்னா ஓரம் பச்சையா இருக்கும். இதுல பச்சை இருக்கா?"

இல்லை. மாமனாரும் குனிந்து பார்த்தார். பார்த்ததை மென்று விழுங்கினார்.

ஆனால் மருமகள் ஆர்வத்தில் காகிதத்தைச் சரசரவென்று இழுத்து உரித்திருந்தாள். அப்படி உரித்தால் ஷீட்டில் மின்னேற்றம் ஏறிக்கொள்ளும். வீட்டிலிருந்த தலையணைப் பஞ்சு, துணி நூல், எங்கிருந்தோ வந்த ஒரு கோழி இறகு, எல்லாம் அழைப்பு வைத்தது போல மேஜைக்கு வந்து சேர்ந்தன. எட்டிப் பார்த்த கணவனின் கைரோமங்கள் குத்திட்டு நின்றன.

"குறை!" என்றார் மாமனார்.

"குறை இல்லை மாமா, கவர்ச்சி" என்றாள் மருமகள். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாள். "மெத்துனு ஈரத்துணி மட்டும்தான். வேற எதுவும் இதுல படக் கூடாது. எல்லாரும் கேட்டுக்குங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், மாமியாரைத் தவிர. அவர் அப்போது அடுப்படியில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமியார் மருமகள் கட்சி. கல்யாணமான புதிதில் அவரும் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவர்தான். "அந்தாளு பக்கத்துல உட்கார்ந்து நான் பட்டது போதும், நீயாவது தப்பிச்சுக்கோ" என்று மருமகளிடம் கிசுகிசுத்திருந்தார். அவள் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்பதில் அவளைவிட அவருக்குத்தான் தவிப்பு. அந்தத் தவிப்பில் என்ன செய்தார் என்றால், அடுத்த நாள் மருமகள் வேலைக்குப் போனதும், மேஜையில் மறுபடி படிந்திருந்த தூசியைப் பார்த்துவிட்டு, பாத்திரம் விளக்கும் பொடியையும் கம்பி நாரையும் எடுத்துக்கொண்டு கைவலிக்கத் தேய்த்தார்.

"வா, வா! வந்து பாரு! பளிச்சுன்னு வச்சிருக்கேன்" என்று மாலையில் வாசலிலேயே வரவேற்றார்.

மேஜை பனி மூடிய ஜன்னலாகக் கிடந்தது. மருமகளுக்கு உயிரே போய்விட்டது.

"அத்தை! கம்பி நாரா?"

"ஆமா. கண்ணாடியை இத்தனை வருஷமா அதாலதானே தேய்ச்சேன். அது ஒண்ணும் ஆகலையே."

"கண்ணாடி கெட்டியானது அத்தை. அது கீறாது, ஆனா உடையும். இது கீறும், ஆனா உடையாது."

மாமியார் அதை ஒரு நிமிடம் யோசித்தார். "நம்ம வீட்டு ஆம்பளைங்க கண்ணாடி. நாம உன் ஷீட்டு" என்றார்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், இவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. தவிரவும் கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம், அது இந்தச் சரக்குக்கே உள்ள வசதி. மறுநாள் தொழிற்சாலையிலிருந்து நைசான உப்புத்தாளும் பாலிஷ் பசையும் கொண்டுவந்தாள். மாமனார் கீழே கடையில் இருந்த நேரமாகப் பார்த்து இருவரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்த்தார்கள். பளபளப்பு திரும்பிவிட்டது. ஆனால் நடுவில் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்ததில், மேலே எரிந்த ட்யூப்லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் மட்டும் நெளிந்து தெரிந்தது.

"ஒரு துணியை விரிச்சுடு" என்றார் மாமியார்.

விரித்தார்கள்.

"எதுக்குத் துணி?" என்றார் மாமனார், சாப்பிட உட்கார்ந்ததும்.

"அழகுக்கு."

"கண்ணாடிக்கு நாங்க துணி போட்டதே இல்லையே." துணியின் நுனியைத் தூக்கப் பார்த்தார். மாமியார் அவர் புறங்கையில் கரண்டியால் ஒன்று வைத்தார்.

"பந்தயம் ஞாயித்துக்கிழமை. அன்னைக்குப் பார்த்தா போதும்" என்றார்.

துணி வந்ததில் மாமியாருக்கு ஒரு தைரியமும் வந்துவிட்டது. அடுத்த நாள் காலை அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் நேராக வைத்தார். மருமகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு ஓடிவந்தாள்.

"துணி இருக்கேன்னு வச்சேன்டி!"

துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். சட்டி அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் துணியின் நெசவு, குறுக்கிழையும் நெடுக்கிழையுமாக, ஒன்று விடாமல் பதிந்திருந்தது. கண்ணாடி தொட்டால் பளபளப்பையும் துணி தொட்டால் நெசவையும் வாங்கிக்கொள்கிற ஜாதி அது. வேறொரு நாளாக இருந்தால் மருமகள் அதை ரசித்திருப்பாள்.

இப்போது கணவன் களத்தில் இறங்கினான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நிவாரணம் உண்டு. "சூட்டுலதானே ஆச்சு? சூட்டாலயே சரி பண்ணிடலாம்" என்று ஒரு பெயின்டரிடமிருந்து பழைய பெயின்டை உரிக்கிற சூட்டுக்காற்று மிஷினை இரவல் வாங்கி வந்தான்.

மருமகளுக்குத் தெரியும். ஷீட்டைச் சூடாக்குவதென்றால் முழு ஷீட்டையும் தொழிற்சாலையின் சூட்டறையில் தொங்கவிட்டு ஒரே சீராகச் சூடாக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் சூட்டைக் காட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. தெரிந்தும் செய்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் அறிவை எங்கே வேலை செய்ய விடுகிறது?

நெசவு மறைந்தது. கூடவே ஷீட்டின் ஒரு பக்கம் மெல்ல மேலே எழும்பியது. மாமனார் உட்காருகிற பக்கம் பள்ளம், எதிர்ப்பக்கம் மேடு.

அன்றைய சாப்பாட்டில் கணவன் கைதவறி மேஜையில் விட்ட அவித்த முட்டை யாரும் தொடாமலே உருண்டு போய் மாமனாரின் தட்டில் மோதி நின்றது. அவர் அதைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை எதிர்ப்பக்கம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதுவும் வந்து சேர்ந்தது.

"மேஜை என்னை நல்லாத்தான் மதிக்குது" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கல்லாப் பக்கத்தில் நாற்காலி போட அளவெடுத்தாகிவிட்டது என்று வேறு சொன்னார்.

அவர் எழுந்து போனதும், எழும்பிய பக்கத்தின்மேல் தையல் மிஷினின் தலையைக் கழற்றி வைத்து அமுக்கினார்கள். அது போதாமல் மாவு டின்னும் வந்து சேர்ந்தது. ஷீட் விறைத்துக்கொண்டு படுத்தது.

சனிக்கிழமை தொழிற்சாலையில் மருமகளிடம் யாரும் வாய்கொடுக்கவில்லை. தலைக்குத் தொப்பியும் முகத்துக்குத் துணியும் கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். யாரோ ஓர் ஏஜென்ட்டின் பெயர் ஒட்டிய பெட்டிகள். நடுவில் காகிதம் வைக்காமல் அடுக்கியதில் முகமெல்லாம் உரசல். இந்த ஏஜென்ட்டின் சரக்கு எப்போதுமே இப்படித்தான். வீட்டில் ஒரு ஷீட்டைக் காப்பாற்ற முடியவில்லை, இங்கேயாவது விடுவேனா என்ற ஆத்திரத்தில் முழு லோடையும் திருப்பி அனுப்பச் சொன்னாள்.

"இந்தத் தடவை கொஞ்சம் பார்த்து விட்டுடலாமே மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

"கீறல் கீறல்தான் சார்."

வீட்டுக்கு வந்தால், கணவன் கையில் ஒரு பஞ்சு உருண்டையுடன் சிரித்த முகமாக நின்றான். மேஜையெங்கும் மருத்துவமனை வாசனை.

"விரல் அடையாளமெல்லாம் இருந்துச்சு. நாளைக்கு அப்பா பார்க்கிறப்போ சுத்தமா இருக்கட்டுமேன்னு துடைச்சேன்."

"எதால துடைச்சீங்க?"

"ஸ்பிரிட். ஊசி போடறதுக்கு முன்னாடி தேய்ப்போமே, அது. ஒரு கிருமி இருக்காது."

கிருமி இல்லைதான். ஆனால் அமுக்கி விறைத்திருந்த பக்கம் முழுவதும் மெல்லிய வெள்ளி இழைகளாக வெடிப்புகள் ஓடியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒன்று ஓடியது.

மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொலைகாரனைப் பார்ப்பது போல அவள் பார்த்த பார்வையில் கணவன் பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணு பண்ணலாமா?" என்றான் அசடு வழிய. "வேற ஷீட் ஒண்ணு கொண்டாந்து மாத்திடலாம். துணிதான் மூடியிருக்கே. அப்பாவுக்கு எங்க தெரியப் போகுது?"

நல்ல யோசனைதான். சொன்னவன் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் தலையாட்டிக்கூட விட்டார். ஆனால் மருமகள் அந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி நார், உப்புத்தாள், இரும்புச் சட்டி, சூட்டுக்காற்று, தையல் மிஷின், ஸ்பிரிட். ஒரு வாரத்தில் எத்தனை பேர், எத்தனை நல்ல எண்ணங்கள்! வரவேண்டிய அழுகை கோபமாக மாறிப்போனது.

"மாத்த மாட்டேன். இது பட்ட பாடு அவ்வளவையும் அவர் பார்க்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எதிரே டீ. மருமகள் யாரையும் தொடவிடாமல் தானே துணியை உருவினாள்.

மாமனார் எழுந்து மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார். கல்யாண வீட்டில் சீர்வரிசை பார்ப்பவர் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கீறல். பள்ளம். கோணல். இதென்ன, நரைமுடியா?"

"வெடிப்பு. ஸ்பிரிட் பட்டதால வந்தது."

"ஒரு குறை கேட்டேன், கண்காட்சியே வச்சுட்டியேம்மா!" என்றார். "சரி, போனை எடு. மேனேஜர்கிட்ட இப்பவே சொல்லிடு."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு குத்து விடுங்க மாமா."

"என்னது?"

"போன வாரம் விட்டீங்களே, அதே குத்து. அதே கையால."

மாமனார் கண்ணாடிக்காரர். சவால் என்று வந்துவிட்டால் பின்வாங்குகிற ரத்தம் இல்லை. கையை ஓங்கிக் குத்தினார். ஷீட் ஒரு அமுங்கு அமுங்கி எழும்பியது. டீ டம்ளர் துள்ளிக் குதித்து அவர் சலவைச் சட்டையில் கவிழ்ந்தது. மறுபடி குத்தினார். கரண்டி பறந்துபோய்க் கணவனின் நெற்றியில் பட்டது. வீம்புக்கு மூன்றாவதாக ஒன்று குத்திவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உடைஞ்சுதா?" என்றாள் மருமகள்.

"குதிக்குது. குதிக்கிறதும் குறைதான்" என்றார் வலியோடு.

"இருக்கட்டும். ஒரு வாரமா இதைத் தேய்ச்சாங்க, சுட்டாங்க, அமுக்கினாங்க, நீங்களும் உங்க பங்குக்குக் குத்தியாச்சு. இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. உங்க கண்ணாடி அழகுதான், கெட்டிதான், ஒரே குத்துல போச்சு." அவள் மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். "பந்தயத்துல நான் தோத்துட்டேன் மாமா. ஒத்துக்கிறேன். ஆனா வேலையை விட மாட்டேன்."

"வாக்கு குடுத்தியே!"

"குடுத்ததுதான் தப்பு. என் வேலையைக் கொண்டுபோய் மேஜை மேல வச்சேன் பாருங்க, அது தப்பு. அது நான் சம்பாதிச்ச வேலை. நீங்க ஜெயிக்கிறதுக்கும் நான் தோக்கிறதுக்கும் அது பொருள் இல்லை. நாளைக்குக் காலையில நான் ஷிஃப்டுக்குப் போறேன். யார் தடுத்தாலும் போறேன்."

"போம்மா நீ. நான் இருக்கேன்" என்றார் மாமியார்.

"நானே கொண்டுபோய் விடறேன்" என்றான் கணவன். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாப் வரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டான்.

மாமனார் எகிறுவார், வீடே இரண்டுபடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எகிறவில்லை. டீ சொட்டுகிற சட்டையோடு எழுந்து மருமகளிடம் வந்தார். இதுவரை யாரும் கேட்டிராத குரலில் பேசினார்.

"ஏம்மா, கொஞ்சம் கேளேன். கடைச் சாவியையே குடுத்துடறேன். கல்லாவை நீயே பாரு. ஏசி போட்டுத் தர்றேன். நான் வேணும்னா தள்ளி உட்கார்ந்துக்கிறேன். செக்கிங்தான் உனக்குப் பிடிக்கும்னா நம்ம கடைக் கண்ணாடியை செக் பண்ணு, யார் வேண்டாம்னா? அங்க மட்டும் வேண்டாம்மா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்."

மருமகளுக்கு என்னவோ போலாகிவிட்டது. சண்டைக்கு அவள் தயார். கெஞ்சலுக்குத் தயாராக வரவில்லை. சங்கத்தில் நாலு பேர் சிரிப்பதற்கு ஒரு மனிதர் இவ்வளவு பயப்படுவாரா? "அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க மாமா. அதுக்காக நீங்க இப்படி..." என்று சமாதானமாகவே ஆரம்பித்தாள்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. படிக்கட்டில் தடதடவென்று ஏறிவந்தவர் ஒரு வேன் டிரைவர். அவள் வேலைக்குப் போய்விட்ட பகல் நேரங்களில்தான் கடைக்கு வேன் வரும் என்பதால் அவருக்கு அவளைத் தெரியாது, அவளுக்கும் அவரைத் தெரியாது. மாமனார் டிரைவரைப் பார்த்து அவசர அவசரமாகக் கண்ணைக் காட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி கண்ணில் தூசி போலும் என்று நினைத்த டிரைவர், துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஐயா, அக்ரிலிக் கம்பெனியில ஏஜென்ட் பேர்ல அனுப்பின நம்ம கண்ணாடியை இந்தத் தடவையும் கீறல்னு மொத்தமா திருப்பிட்டாங்க. செக்கிங்ல இருக்கிற அந்தம்மாவை இந்த ஞாயித்துக்கிழமையோட வேலையை விட வச்சிடறேன்னு சொன்னீங்களே, அதை முதல்ல முடிங்க, அப்புறம் லோடு ஏத்துவோம்!"